பழைய தங்க அட்டியலும் வைரப் பதக்கமும்: அடகு வைக்க, திருத்த, விற்கப் போகுமுன் செய்ய வேண்டியவை

பாட்டி காலத்து அட்டியல் பெட்டியை விட்டு வெளியே வருவது பெரும்பாலும் நெருக்கடியான நேரத்தில்தான். பிள்ளையின் கல்யாணம், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கட்ட வேண்டிய காசு, ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதோ ஒன்று துரத்திக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுழைகிற முதல் கடையில் நகை தராசில் ஏறும். "கல் எடை" என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். மிச்சத்தைத் தங்கமாகக் கணக்குப் போடுவார்கள். நடுவில் இருக்கிற பழைய வெட்டு (அந்தக் காலத்து முறையில் பட்டை தீட்டிய) வைரத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. சில சமயம் அந்த ஒற்றைக் கல்லே அட்டியலின் தங்கத்துக்கு நிகரான விலை பெறக்கூடியது.

ஆகவே கடைப்படி ஏறுமுன் கல்லையும் தங்கத்தையும் தனித்தனியே காகிதத்தில் பதிந்துவிட வேண்டும். அடுத்த கட்டம் எதுவானாலும், அடகோ திருத்தமோ பாகப்பிரிவினையோ விற்பனையோ, அந்தக் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும். அவசரமில்லாவிட்டால் இந்த வேலைகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். அவசரமானால் 1, 2, 7 ஆகிய மூன்றையாவது முடித்துவிட்டுப் போங்கள்.

1. முதலில் கழுவாதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் சீயக்காய், புளி, பற்பசை என்று தேய்க்கத் தோன்றும். அதற்குமுன் பதக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கல்லுக்கு நேர் பின்னால் திறந்த துளை இருந்து, அதன் வழியே கல்லின் அடிப்பக்கம் தெரிந்தால் அது திறந்த கட்டு. தகடால் முழுக்க மூடியிருந்தால் அடைத்த கட்டு. அடைத்த கட்டில் கல்லுக்குப் பளபளப்பு கூட்ட அடியில் மெல்லிய வெள்ளித் தாள் வைத்திருப்பார்கள், சுற்றிலும் அரக்கும் இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் அந்தத் தாள் கறுத்துவிடும், கல் மங்கிச் சாம்பல் நிறமாகத் தெரியும். கறுத்த தாளைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கட்டைப் பிரித்து மாற்றுவது ஒன்றே வழி.

திறந்த கட்டானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியால் கல்லின் பின்பக்கத்தை மெதுவாகத் துலக்கினால் போதும். வைரத்தில் எண்ணெய்ப்பசை எளிதில் ஒட்டும். பல வருட எண்ணெயும் சந்தனமும் பின்னால் படிந்த கல் கண்ணாடித் துண்டு போல மந்தமாக இருக்கும், கழுவியதும் உயிர் பெறும். வாஷ்பேசினில் வைத்துக் கழுவாதீர்கள். பாத்திரத்தில் வைத்துக் கழுவி, தண்ணீரைத் துணியில் வடித்து ஊற்றுங்கள், கல் கழன்றிருந்தால் துணியில் தங்கும். பிளீச்சிங் கலந்த எதையும் பயன்படுத்த வேண்டாம், குளோரின் தங்கக் கலவையை அரிக்கும். அடைத்த கட்டுக்கு உலர்ந்த மென்துணி மட்டுமே.

தோட்ட லயத்துக்கும் ஊருக்கும் "நகைக்கு மெருகு போடுகிறோம்" என்று வருகிறவர்களிடம் இந்த நகையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். தங்கத்தைக் கரைக்கும் திராவகத்தில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தாலே நகை பளிச்சென்று வரும். கரைந்த தங்கம் அவர்களுடைய பாத்திரத்தில் இருக்கும்.

2. எடையும் படமும்

இரண்டு தசம தானம் காட்டும் கிராம் தராசு வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் தெரிந்த கடையில் கேட்டு, உங்கள் கண்முன்னே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதக்கம் கொக்கியில் தொங்கினால் கழற்றி, மாலை தனி, பதக்கம் தனி, இரண்டும் சேர்த்து என்று மூன்று எடை எடுங்கள். ஒரு பவுண் 8 கிராம்.

படத்துக்குப் பகல் வெளிச்சம் போதும். ஜன்னலோரம் வெள்ளைத் தாள் விரித்து, பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல் வைத்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, முத்திரை அல்லது எழுத்து ஏதாவது இருந்தால் அதன் நெருக்கப் படம், கல்லை நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போன் கேமராவின் முன்னால் பத்து மடங்கு லென்ஸைப் பிடித்து எடுத்தால் கல்லுக்குள் இருக்கும் கோடும் புள்ளியும்கூட விழும். அந்தக் கோடும் புள்ளியும்தான் உங்கள் கல்லின் கைரேகை. பட்டறையில் கல் மாறிப்போனால் "இது எங்கள் கல் இல்லை" என்று சொல்ல வேறு ஆதாரம் கிடைக்காது.

படங்களை ஒரே போனில் வைத்திருக்காதீர்கள். லயத்தில் தீப்பிடித்தால் போனும் பெட்டியும் சேர்ந்தே போகும், மண்சரிவும் அப்படித்தான். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவைத்துவிடுங்கள்.

3. கல்லைப் பாருங்கள்

இலங்கை மண்ணில் நீலமும் வைடூரியமும் கிடைக்கின்றன, வைரம் கிடைப்பதில்லை. இரத்தினபுரியிலும் பொகவந்தலாவையிலும் நீலக்கல்லைக் கையில் வாங்கிய மறுநொடி தரம் சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அந்தத் திறமை பழைய வெட்டு வைரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். வைரம் தெரிந்தவரையே தேடுங்கள். அதற்குமுன் பத்து மடங்கு லென்ஸோடு நீங்களே கொஞ்சம் பார்க்கலாம்.

பழைய வெட்டில் மூன்று வகை அடிக்கடி கையில் வரும். அடி தட்டையாக, மேலே முக்கோணப் பட்டைகளோடு குவிந்திருப்பது ரோஜா வெட்டு. மூலை மழுங்கிய சதுரமாக, உயர்ந்த தோளும் சின்ன மேற்தளமும் உள்ளது பழைய சுரங்க வெட்டு. அதே போல உயரமாக இருந்து, வெளிக்கோடு வட்டமானால் பழைய ஐரோப்பிய வெட்டு. இது பெரும்பாலும் 1890க்கும் 1930க்கும் இடைப்பட்டது.

பின் சொன்ன இரண்டு வகைகளையும் நேர் மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சிறு வட்டம், துளை போட்டது போலத் தெரியும். இன்றைய வைரத்தின் அடி ஊசிமுனையாக முடியும். பழைய கல்லில் அந்த முனையைத் தட்டையாகத் தீட்டிவிட்டிருப்பார்கள், அந்தத் தட்டையைத்தான் மேலிருந்து வட்டமாகப் பார்க்கிறீர்கள். வாங்க வருகிறவர் சிலர் அதைக் காட்டி, "கல் ஓட்டை விழுந்திருக்கு" என்று விலையைக் குறைப்பார்கள். அது குறையே அல்ல, கல் பழையது என்பதற்கான அடையாளம். "காகபாதம் இருக்கு, வீட்டில் வைக்கக் கூடாது" என்பதும் அதே வகைப் பேச்சு. காக்கைக் கால் போலக் கல்லுக்குள் தெரியும் அந்தச் சிறு வெடிப்பு விலையைக் கொஞ்சம் குறைக்கும், வெடிப்பு விளிம்பு வரை வந்திருந்தால் கல்லைப் பதிக்கும்போது கவனம் தேவை. அதற்கு மேல் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

இனி, அது வைரம்தானா என்ற கேள்வி. நம் நாட்டுப் பழைய நகைகளில் வைரத்துக்குப் பதிலாக அதிகம் பதித்தது மாத்தறை வைரம். பெயரில் மட்டும்தான் வைரம், உண்மையில் நிறமற்ற சிர்கோன் கல். லென்ஸைப் பிடித்து மேற்தளம் வழியாக, கல்லைக் கொஞ்சம் சாய்த்து, அடியில் உள்ள பட்டைக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரிந்தால் வைரமில்லை. வைரத்தில் கோடு ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் கண்ணாடியிலும் "அமெரிக்கன் டயமண்ட்" என்ற செயற்கைக் கல்லிலும்கூட ஒன்றாகத்தான் தெரியும். அதனால் கோடு இரட்டித்தால் வைரமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம், இரட்டிக்காவிட்டால் வைரம் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து பட்டைகளின் விளிம்பு. வைரத்தில் அது கத்திமுனை போலக் கூர்மையாக இருக்கும். சிர்கோனில் விளிம்பெல்லாம் தேய்ந்து, பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். கண்ணாடியில் விளிம்பு உருண்டிருக்கும், உள்ளே காற்றுக் குமிழி தெரியலாம். "அமெரிக்கன் டயமண்ட்" சந்தைக்கு வந்ததே 1970களின் பிற்பாதியில். மொய்சனைட் என்ற இன்னொரு செயற்கைக் கல் வந்தது 1990களின் இறுதியில். நூறு வருடக் கட்டுக்குள் இவற்றில் ஒன்று உட்கார்ந்திருந்தால், இடையில் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள்.

கடைகளில் பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லில் வைத்து "பீப்" சத்தம் கேட்டதும் வைரம் என்பார்கள். அது கல் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தை அளக்கிறது. கண்ணாடி, சிர்கோன், "அமெரிக்கன் டயமண்ட்" மூன்றையும் பிடித்துவிடும். மொய்சனைட்டை வைரமென்று சொல்லிவிடும். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்தையும் வைரமென்றே சொல்லும். முனை பக்கத்துத் தங்கத்தில் பட்டாலும், கல்லில் பனி ஈரம் இருந்தாலும் பிழையான விடை வரும். நுவரெலியாக் குளிரில் வெளியிலிருந்து கொண்டுபோன நகையைப் பத்து நிமிடம் உள்ளே வைத்துத் துடைத்த பிறகு சோதிக்கச் சொல்லுங்கள்.

4. உரிமைக் காகிதம்

பழைய நகைக்குப் பில் இருக்கவே இருக்காது. இருந்தால் அதைப் பொன்னாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் சேர்க்க வேண்டியவை இவை.

உங்கள் தேசிய அடையாள அட்டையும் பிரதியும். நகைக்கு உரியவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழ். அந்த நகையை அணிந்தபடி பாட்டியோ அம்மாவோ இருக்கும் பழைய கல்யாணப் படம், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. இவற்றோடு சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி. அதில் நகையின் வருணனை, மொத்த எடை, கல்லின் எண்ணிக்கை, அது எப்படி உங்களுக்கு வந்தது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். "ஒரு தங்க மாலை" என்று மட்டும் எழுதிய கடதாசியால் பயனில்லை.

மலையகத்தில் அதிகம் அடிபடும் சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காகிதத்தில் இன்னொரு எழுத்து. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு கைகள் எழுதியதால் வந்த வினை. இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று அதே சத்தியக்கடதாசியில் ஒரு பந்தி சேர்த்துவிடுங்கள். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் கையில் இருந்தால் நல்லது. அவரைச் சந்திக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் சம்பளம் வீணாகும்.

சகோதரர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேசவழமைச் சட்டம் வடக்குத் தமிழருக்குரியது, மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டமே. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்குப் பாதி, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் இல்லை. "நகையெல்லாம் பொம்பளப் பிள்ளைக்குத்தான்" என்பது வழக்கம், சட்டத்தில் அப்படி இல்லை. ஒருவர் மட்டும் கொண்டுபோய் விற்றால் பிறகு பொலிஸ் வரை போகும். எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று முதலிலேயே இருக்கட்டும். பங்கு பிரிப்பதற்காக மாலையை வெட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். துண்டாக்கிய பிறகு அது உருக்கும் தங்கம்தான், முழு அட்டியலாக அதற்கிருந்த விலை திரும்பி வராது. ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மதிப்பீட்டின்படி காசு கொடுப்பதே நல்லது.

5. தங்கத்தைச் சோதிப்பது

"கரட்" என்ற ஒரே சொல் இரண்டு அர்த்தத்தில் வருவதால் பலர் குழம்புகிறார்கள். தங்கத்தில் கரட் என்பது தரம், 24 கரட் சுத்தத் தங்கம், 22 கரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். வைரத்தில் கரட் என்பது எடை, ஒரு கரட் 0.2 கிராம்.

பழைய நகை 22 கரட் என்று வீட்டில் சொல்லி வந்திருப்பார்கள். கைப்பட்டறையில் செய்த நகையில் உடல் 22 ஆக இருந்தாலும், பற்றவைத்த இடங்கள் தரம் குறைந்த தங்கத்தால் ஆனவை. சின்னச் சின்ன மணியாகக் கோர்த்த அட்டியலில் பற்றவைத்த இடம் நூற்றுக்கு மேல் இருக்கும். மொத்தத்தில் 20, 21 கரட் என்று வருவது சாதாரணம், யாரும் ஏமாற்றியதாக எண்ண வேண்டியதில்லை.

உரைகல்லில் உரைத்துத் திராவகம் விடுவது பழைய முறை. கைதேர்ந்தவர் செய்தால் நம்பலாம், ஆனால் உரைக்கும் இடத்தில் கொஞ்சம் தங்கம் தேயும். முன்பக்க வேலைப்பாட்டில் உரைக்க விடாதீர்கள், கொக்கியின் உள்பக்கம் அல்லது பதக்கத்தின் பின்விளிம்பைக் காட்டுங்கள். எக்ஸ்ரே கதிர் இயந்திரம் நகைக்குச் சேதம் செய்யாது, ஆனால் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தங்க முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் சொல்லும். குறைந்தது நான்கு இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்: ஒரு மணி, பதக்கத்தின் சட்டம், கொக்கி, பற்றவைத்த ஒரு மூட்டு. நான்கு எண்ணையும் கடைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

உள்ளீடற்ற குண்டுமணிகள் இருந்தால் உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உடைந்த அரக்கு சலசலக்கும். அடகுக் கடை இதற்காக ஒரு எடையைக் கழிக்கும், கழிப்பது நியாயம்தான். எவ்வளவு கழித்தார்கள் என்பதைத் தனியாக எழுதச் சொல்வது உங்கள் உரிமை.

6. கல்லுக்கு அறிக்கை

கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை இருக்கிறது, அங்கே கல் சோதிக்கவும் தங்கத் தரம் பார்க்கவும் ஆய்வுகூடம் உண்டு. தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. போகுமுன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: நகையில் பதித்தபடியே வைரத்தைப் பார்ப்பீர்களா, இயற்கை வைரமா வளர்த்த வைரமா என்று எழுதித் தருவீர்களா, கட்டணமும் நாளும் எவ்வளவு. போயா தினத்தையும் (முழுநிலா விடுமுறை) பார்த்துக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து போய், மூடிய கதவைப் பார்த்துத் திரும்புவது பெரிய வேதனை. மழைக்காலமானால் பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே விசாரியுங்கள்.

பதித்த கல்லுக்குக் கிடைப்பது அடையாள அறிக்கை: இது வைரம், இன்ன வெட்டு, எடை ஏறத்தாழ இவ்வளவு. நிறத்தையும் தெளிவையும் முழுமையாகத் தரம் பிரிக்கக் கல்லைக் கழற்ற வேண்டும். ஜி.ஐ.ஏ. (அமெரிக்காவின் இரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) போன்ற நிறுவனங்களின் முழு வைர அறிக்கை கழற்றிய கல்லுக்குத்தான். அரைக் கரட்டுக்குக் குறைந்த கல்லுக்கு அந்தச் செலவும் ஆபத்தும் கட்டுப்படியாகாது என்பது எங்கள் கருத்து. ஒரு கரட்டை நெருங்கினாலோ தாண்டினாலோ யோசிக்கலாம். பழைய வெட்டுக்கு இன்றைய வெட்டின் தர மதிப்பெண் போடுவதில்லை, அந்த இடம் காலியாக இருப்பதைக் காட்டி யாராவது விலை குறைத்தால் ஏற்காதீர்கள்.

7. கணக்கை வீட்டிலேயே போடுங்கள்

திறந்த கட்டில் வட்டக் கல் என்றால் எடையை ஓரளவு நாமே கணிக்கலாம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, 0.0061ஆல் பெருக்கினால் கரட் வரும். விட்டம் 5.9 மில்லிமீட்டர், ஆழம் 3.8 என்றால் ஏறத்தாழ 0.8 கரட். கிராமில் 0.16.

இப்போது ஓர் உதாரணம். மொத்த எடை 28.40 கிராம். கல் 0.16. அரக்கு 2.20. மிச்சத் தங்கம் 26.04 கிராம். சோதனையில் சராசரி 20 கரட் வந்தது என்று வைப்போம். 26.04ஐ 20ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் சுத்தத் தங்கம் 21.70 கிராம், அதாவது 2.71 பவுண். கணக்குக்காக 24 கரட் பவுண் 3 இலட்சம் ரூபாய் என்று எடுத்தால் தங்கத்தின் விலை 8,13,750. இதே தங்கம் 22 கரட்டாக இருந்தால் 8,95,125. இரண்டுக்கும் இடையே 81,000 ரூபாய்க்கு மேல். நான்கு இடத்தில் சோதிக்கச் சொன்னது இதனால்தான்.

அதைவிடப் பெரிய பொறி "கல் எடை". பார்த்த பார்வையில் "கல்லுக்கு 2 கிராம் கழிக்கிறேன்" என்பார்கள். 2 கிராம் என்றால் 10 கரட் வைரம்! அப்படி ஒரு கல் 14 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். உங்கள் 0.16 கிராம் கல்லுக்காக 2 கிராம் கழித்தால் 1.84 கிராம் தங்கம், கால் பவுணுக்குச் சற்றுக் குறைய, காணாமல் போகிறது. கணக்குத் தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டால் பெரும்பாலானோர் உடனே திருத்திவிடுவார்கள்.

கொழும்புச் செட்டியார் தெருவின் அன்றைய தங்க விலையைக் காலையில் பார்த்துக்கொண்டு போங்கள். நேற்றைய விலை வேண்டாம்.

8. அடகு வைப்பதானால்

அடகில் காசு கொடுப்பது தங்கத்துக்கு. வைரத்துக்குக் கொடுப்பதில்லை. ஆகவே பதக்கம் கழற்றக்கூடியதாக இருந்தால் மாலையை மட்டும் வையுங்கள், பதக்கம் உங்களிடமே இருக்கட்டும். பதக்கத்தின் தங்கத்துக்குக் கிடைக்கும் சொற்பத் தொகைக்காக, ஏலம் போனால் திரும்பி வராத கல்லைப் பணயம் வைக்காதீர்கள்.

கழற்ற முடியாது என்றால் சீட்டில் வருணனையைப் பாருங்கள். "கல் பதித்த அட்டியல் 1" என்று எழுதுவார்கள். "பழைய வெட்டு வைரம் 1 பதித்த பதக்கத்துடன்" என்று சேர்க்கச் சொல்லுங்கள், ஆய்வறிக்கையின் பிரதியைக் கொடுங்கள். "வெள்ளைக் கல்" என்று எழுதிவிட்டால், பிறகு வெள்ளைக் கல்லைத்தான் கேட்க முடியும். மொத்த எடை, தங்க எடை, தரம், கொடுத்த தொகை, வட்டி, மீட்கும் கடைசித் தேதி ஆறும் சீட்டில் இருக்கின்றனவா என்று கவுன்டரை விட்டு நகருமுன் படியுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி ஓரெழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும்.

ஏல அறிவித்தல் தபாலில் வரும். தோட்ட முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் தேங்கி, ஆள் கைக்கு வந்து சேரும்போது தேதி போயிருக்கும். டவுனில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் முகவரியையும் இரண்டு தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போய் வட்டியைக் கட்டிப் புதுப்பித்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். முழுதாக மீட்கக் காசு இல்லையென்று போகாமல் இருந்துவிடுவதுதான் அதிக நகை ஏலம் போகக் காரணம்.

9. திருத்துவதானால்

பழைய அட்டியலில் முதலில் தேய்வது வளையங்களும் கல்லைப் பிடிக்கும் நகங்களும். விரல்நகத்தால் கல்லை மெல்லத் தட்டுங்கள். டிக் டிக் என்று ஆடினால் உடனே பத்தரிடம் போக வேண்டும், அதுவரை அணியக் கூடாது.

நெருப்பு காட்டும் வேலை எதுவானாலும் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் செய்யச் சொல்லுங்கள். வைரம் கடினமானது, ஆனால் அது கரிதான். காற்றில் 700, 800 பாகை செல்சியஸைத் தொட்டால் மேற்பரப்பு எரிந்து பால் படிந்தது போல வெளுக்கும், பிறகு மீண்டும் தீட்ட வேண்டும், எடை குறையும். அடிபடுவதும் ஆபத்து. வைரத்துக்குப் பிளவுத் திசைகள் உண்டு, கட்டைத் தட்டி மூடும்போது விளிம்பில் தவறி விழும் ஒரு தட்டு போதும்.

"புது வெட்டாக்கித் தருகிறேன், ஜொலிக்கும்" என்று யாராவது சொன்னால் நகையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். உயரமான பழைய கல்லை இன்றைய அளவுக்குத் தீட்டினால் எடையில் பெரும் பங்கு தூளாகிப் போகும், பழமைக்குக் கிடைக்கும் விலையும் அதோடு போகும். மின்விளக்கில் அது புதுக் கல் போலச் சிதறி மின்னாதுதான். வீட்டில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி அதன் முன் பிடித்துப் பாருங்கள். பெரிய பெரிய துண்டாக, மெதுவாக, நிறம் மாறி மாறி ஒளி விடும். அந்த வெளிச்சத்தில் பார்ப்பதற்காகத் தீட்டிய கல் அது.

வேலைக்குக் கொடுக்கும்போது எடை, கல்லின் அளவு, வேலை என்ன, கூலி எவ்வளவு, தரும் நாள் எல்லாம் எழுதிய துண்டுக் காகிதத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். திரும்ப வாங்கும்போது முதலில் தராசு, பிறகு லென்ஸ், பழைய படத்தோடு ஒப்பீடு, அதன் பிறகு கூலி. சின்ன வேலையானால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தே செய்வித்து வாங்குங்கள். நல்ல பத்தர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

10. விற்பதானால்

மூன்று இடத்தில் விலை கேளுங்கள், அதில் ஒன்றாவது கொழும்பில் பழைய நகை வாங்குகிற இடமாக இருக்கட்டும். "தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு" என்று பிரித்துக் கேட்டால், கல்லைக் கணக்கில் எடுக்காதவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். கல்லைக் கழற்றி வைத்துக்கொண்டு தங்கத்தை மட்டும் விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கட்டும் கல்லும் ஒரே காலத்தவை என்றால் சேர்த்து விற்பதே மேல். பதக்கம் பின்னாளில் மாற்றிச் செய்ததென்றால் கழற்றலாம்.

தீபாவளிக்கும் ஜனவரிப் பள்ளிக்கூடச் செலவுக்கும் முந்திய வாரங்களில் கடைகளில் கூட்டம் அதிகம், நின்று பேச நேரம் கிடைக்காது. வேறு வாரம் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒருவர் பேச, ஒருவர் நகையின் மேல் கண் வைத்திருங்கள். "உள்ளே காட்டிவிட்டு வருகிறேன்" என்று நகையை எடுத்துப் போக விடாதீர்கள், கூடவே போங்கள். பெரிய தொகையானால் வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லி, காசு வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகே நகையைக் கையளியுங்கள். எடை, தரம், கல், தொகை எழுதிய பற்றுச்சீட்டு உங்களுக்கும் ஒன்று வேண்டும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால் ஒரு விஷயம்: 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியது என்று நம்பத்தக்க பொருள் தொல்பொருளாகும், அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பழைய ஐரோப்பிய வெட்டுக் கல்லோடு செய்த நகை அதற்குப் பிந்தியதே. அப்படியிருந்தும் வேறு அனுமதி தேவையா என்று முன்பே விசாரியுங்கள், அறிக்கையையும் படங்களையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.

11. வைத்திருப்பதானால்

மலைநாட்டு ஈரம் பழைய நகைக்கு நல்லதல்ல. வெல்வெட் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், கோர்த்த நூல் உளுத்துப் போகும், அடைத்த கட்டின் தாள் கறுக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை அதே டப்பாவில் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மற்ற நகைகளோடு சேர்த்துப் போடாதீர்கள், வைரம் பக்கத்துத் தங்கத்தையெல்லாம் கீறிவிடும். வங்கி லொக்கர் கிடைத்தால் இன்னும் நல்லது. லொக்கரில் வைத்தாலும் வருடத்துக்கு ஒரு முறை எடுத்து, நூலை மெல்ல இழுத்துப் பார்த்து, கல்லைத் தட்டிப் பார்த்து, எடை போட்டுப் பழைய எடைக் குறிப்போடு ஒப்பிட்டுத் திரும்ப வையுங்கள்.